பைப்பில் ஓட்டை போட்ட பெருமக்கள்

எண்ணெய்க் கிணறு தோண்டுகிற தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்து பூமிக்குள் இரண்டு, மூன்று கிலோமீட்டர் துளைப்பார்கள். பக்கச்சுவர் சரியாமல் இருக்க இரும்புக் குழாய் இறக்குவார்கள். குழாயைச் சுற்றி ஒரு சொட்டுகூடக் கசியாதபடி சிமெண்ட் ஏற்றுவார்கள். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால், எண்ணெய் குழாய்க்கு வெளியே இருக்கும்.

அப்புறம் என்ன? இன்னொரு கம்பெனியைக் கூப்பிட்டு, அடைக்கக் கொடுத்தது போதாதென்று திறக்கவும் பணம் கொடுத்து, அதே குழாயில் ஓட்டை போடச் சொல்வார்கள். இந்தத் தொழிலுக்கு பெர்ஃபொரேட்டிங் என்று பெயர். இதன் வரலாற்றை எழுதியவர்களெல்லாம் ரொம்ப சீரியஸான எஞ்சினியர்கள். அதனால்தான் இதில் ஒரு கொலைகாரன், ஒரு பல் டாக்டர், ஒரு காமெடி நடிகர் எல்லாம் வருவதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

கொலைகாரனிலிருந்தே ஆரம்பிப்போம். 1864. இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா. எண்ணெய்க்கு அப்போது இன்றைய கிரிப்டோ மவுசு. நேற்றுவரை உருளைக்கிழங்கு பயிரிட்டவர் இன்று கோட்டு சூட்டில் திரிகிறார். இதைப் பார்த்து 26 வயது நாடக ஹீரோ ஒருவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆள் நல்ல அழகு, மேடையில் தோன்றினால் கைதட்டல். சில நாடக நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனி ஆரம்பித்தார். பெயர் 'டிராமாட்டிக் ஆயில் கம்பெனி'. முதலீட்டாளர்கள் அந்தப் பெயரைப் பார்த்த மாத்திரத்திலேயே ஓடியிருக்க வேண்டும்!

ஆச்சரியம், கிணற்றில் எண்ணெய் வந்தது. ஒரு நாளைக்கு சுமார் 25 பீப்பாய். யோக்கியமான வருமானம். ஆனால் ஹீரோவுக்கு அது போதுமா? உள்ளே வெடி வைத்தால் பாறை விரிசல்விட்டு இன்னும் பொங்கும் என்று யாரோ சொல்ல, வெடித்துப் பார்த்தார்கள். அதன்பின் வந்த எண்ணெய் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். கிணறு மொத்தமாகக் காலி.

சுமார் 6,000 டாலரை மண்ணில் போட்டுவிட்டு அந்த நடிகர் எண்ணெய்த் தொழிலுக்கு முழுக்குப் போட்டார். அடுத்த ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு தியேட்டருக்குப் போய் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைச் சுட்டார். பெயர் ஜான் வில்க்ஸ் பூத். அந்தக் கிணறு மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால் அவர் பீப்பாய் எண்ணுவதில் பிஸியாக இருந்திருப்பாரோ என்னவோ. வரலாற்று ஆசிரியர்கள் இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது. நமக்கு அந்தத் தடை இல்லை.

பூத் சொதப்பிய அதே வித்தையில், அதே வட்டாரத்தில், சில மாதங்களிலேயே இன்னொருவர் இறங்கி, பின்னால் கோடீஸ்வரர் ஆனார். எட்வர்ட் ராபர்ட்ஸ். உள்நாட்டுப் போரில் லெஃப்டினன்ட் கர்னல். 1862 டிசம்பரில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் போர்க்களத்தில் நின்றிருந்தபோது, எதிரியின் பீரங்கிக் குண்டுகள் பக்கத்து வாய்க்காலில் விழுந்து வெடித்தன. மற்றவர்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினார்கள். ராபர்ட்ஸ் மட்டும், மேலே தண்ணீர் நின்றால் அது மூடியாகி வெடியின் வேகம் பக்கவாட்டில் பாய்கிறதே என்று கவனித்துக்கொண்டிருந்தார். அந்தப் போரில் அவர் தரப்பு படுதோல்வி. லாபம் பார்த்த ஒரே ஆள் இவர்தான்.

1865 ஜனவரி 21. டைட்டஸ்வில் ஊருக்கு அருகே ஒரு கிணற்றுக்குள் கறுப்பு வெடிமருந்து அடைத்த இரும்புக் குப்பியை இறக்கினார். அதன்மேல் தண்ணீர் நின்றது. கம்பி வழியே ஒரு எடையைக் கீழே விட்டார். டமார்! பாறை இடுக்குகளில் மெழுகு அடைத்துப் படுத்திருந்த கிணறு எழுந்து ஓட ஆரம்பித்தது. 'டார்பிடோ' என்று பெயர் வைத்தார். கப்பலே இல்லாத ஊரில் டார்பிடோ.

அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு கர்னல் பழக்கம். 1859-ல் அங்கே முதன்முதலில் எண்ணெய்க்கென்றே கிணறு தோண்டிய எட்வின் டிரேக், நிஜத்தில் ரயில் கண்டக்டர். ஊர்க்காரர்கள் மதிக்க வேண்டுமே என்று கம்பெனிக்காரர்கள் அவருக்கு அனுப்பிய தபால் உறையில் 'கர்னல் டிரேக்' என்று எழுதி விட்டார்கள். போஸ்ட் ஆபீஸ் தந்த பதவி அது. சாகும்வரை மட்டுமல்ல, பாடப்புத்தகத்திலும் அவர் இன்றுவரை கர்னல்தான். ராபர்ட்ஸ் பாவம், நிஜமாகவே துப்பாக்கி பிடித்தவர். அவரை யாருக்குத் தெரியும்?

ராபர்ட்ஸின் அண்ணன் வால்டர் பல் டாக்டர். தம்பியின் கம்பெனியில் கூட்டாளி. துளை போடு, அடைப்பை எடு, பீஸை வாங்கு: குடும்பத் தொழிலின் சூத்திரம் மாறவே இல்லை. ஒரு டார்பிடோவுக்கு 100 முதல் 200 டாலர். அதோடு விட்டார்களா? கூடுதலாக வரும் எண்ணெயில் பதினைந்தில் ஒரு பங்கு ராயல்டி. எந்தப் பல் டாக்டரும் நீங்கள் மெல்லும் ஒவ்வொரு முறுக்குக்கும் கமிஷன் கேட்டதில்லை.

தம்பி எட்வர்டின் டார்பிடோவுக்குப் பேட்டண்ட் கிடைத்தது 1865 ஏப்ரல் 25. மறுநாள், ஏப்ரல் 26 அன்று, வர்ஜீனியாவில் ஒரு புகையிலைக் கொட்டகையில் பூத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். கிணற்றை வெடித்துக் கெடுத்தவனுக்குத் துப்பாக்கிக் குண்டு, வெடித்து வாழவைத்தவருக்கு அரசாங்க முத்திரை, அடுத்தடுத்த நாளில். சினிமாவில் வைத்தால் 'ரொம்ப ஓவர்' என்பீர்கள்.

ராபர்ட்ஸின் ராயல்டியைக் கொடுக்க மனசில்லாத கிணற்றுக்காரர்கள், லைசென்ஸ் இல்லாத ஆட்களை ராத்திரியில் கூட்டிவந்தார்கள். கையில் நைட்ரோகிளிசரின். கொஞ்சம் குலுங்கினாலும் வண்டி, குதிரை, ஆள் எல்லாம் மேலோகம். நிலா வெளிச்சத்தில் பதுங்கிப் பதுங்கி வந்து, சத்தமில்லாமல் இறக்கி, கடைசியில் ஊரே அதிர வெடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி போய்விடுவார்கள். உலகத்திலேயே அதிக சத்தம் போடும் வேலையை ரகசியமாகச் செய்த ஒரே கோஷ்டி இவர்கள்தான். இவர்களைப் பிடிக்க துப்பறிவாளர்களுக்கும் வக்கீல்களுக்கும் ராபர்ட்ஸ் இரண்டரை லட்சம் டாலர் செலவழித்தார் என்கிறார்கள். அத்தனைக்குப் பிறகும் 1881-ல் பணக்காரராகவே செத்தார். துப்பறிவாளர்களும் ஏழையாகவில்லை.

இதெல்லாம் கிணற்றுக்குள் சிமெண்ட் புகாத காலம். குழாயும் சிமெண்டும் வந்த பிறகுதான் நிஜமான தலைவலி. 1919-ல் எர்ல் ஹாலிபர்ட்டன் என்ற மனிதர் மனைவியின் கல்யாண மோதிரத்தை அடகு வைத்து, கடன் வாங்கிய வண்டியோடு ஓக்லஹோமாவில் கிணறுகளுக்கு சிமெண்ட் ஏற்றக் கிளம்பினார். தொழில் அமோகம். எத்தனை நன்றாக அடைக்கிறார்களோ, திறப்பது அத்தனை கஷ்டம் என்பதை மோதிரத்தை மீட்கும் அவசரத்தில் யார் யோசிப்பார்கள்?

முதலில் கத்தி இறக்கிக் குழாயைக் கிழித்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அமெரிக்காக்காரர்களுக்கு ஒரு பிரச்னை தீரவில்லை என்றால் அடுத்து என்ன கையில் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். துப்பாக்கி. சிட்னி மிம்ஸ் என்பவர் 1926-லேயே கிணற்றுக்குள் சுடும் துப்பாக்கிக்குப் பேட்டண்ட் வாங்கியிருந்தார். ஒரே குறை, அது ஒழுங்காகச் சுடவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் பில் லேன், வால்ட் வெல்ஸ் என்ற இரண்டு பேர் அந்தத் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கி, ஒழுங்காகச் சுட வைத்தார்கள். 1932 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் மான்டிபெல்லோ எண்ணெய் வயலில், யூனியன் ஆயில் கம்பெனியின் லா மெர்செட் 17 என்ற கிணறு. ஆயுசு முடிந்தது என்று கைவிடப்பட்ட நோயாளி. பரிசோதனை செய்து பார்க்க வேறு யார் சம்மதிப்பார்கள்? எட்டு நாள், திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றி, எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள். செத்த கிணற்றைச் சல்லடையாகச் சுட்டார்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டது!

1948-ல் லேன், வெல்ஸ் கம்பெனி தன் ஒரு லட்சமாவது வேலையைக் கொண்டாடியது. எங்கே? அதே லா மெர்செட் 17-க்குப் போய், மறுபடியும் சுட்டு. கிணற்றின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

குண்டு முறையில் ஒரு சின்னச் சிக்கல். குண்டு குழாயைத் துளைக்கும், சிமெண்டைத் துளைக்கும், பாறைக்குள் ஒரு குகை போடும். அப்புறம் அந்தக் குகையின் கடைசியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அதாவது ஓட்டை போட்டவரே அதன் முனையில் மூடியாகவும் பணியாற்றுவார்.

இதற்கு விடை எண்ணெய்த் தொழிலில் பிறக்கவில்லை. 1888-ல் சார்லஸ் மன்றோ என்ற கெமிஸ்ட், அமெரிக்கக் கடற்படையின் நியூபோர்ட் டார்பிடோ நிலையத்தில் வெடிபஞ்சுக் கட்டிகளை இரும்புத் தகட்டின் மேல் வைத்து வெடித்துக்கொண்டிருந்தார். கட்டியில் 'யூ.எஸ்.என்.' என்று கடற்படை முத்திரை குழிவாக இருந்தது. வெடித்த பிறகு பார்த்தால் அந்த எழுத்துகள் இரும்பில் குழியாகப் பதிந்திருந்தன! வெடிமருந்தில் குழி இருந்தால் அங்கே வெடி குவிந்து பாய்கிறது. கவசத்தைக் கிழிக்கும் ரகசியம் கையில் கிடைத்த மாமனிதர் அடுத்து என்ன செய்தார்? இலைகளைப் பறித்து வந்து நடுவில் வைத்து வெடித்து, இரும்பில் அழகான இலை ஓவியங்கள் அச்சடித்தார்.

அரை நூற்றாண்டு கழித்து ஹென்றி மோஹாப்ட் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் அந்தக் குழிக்கு உலோகக் கூம்பு மாட்டினால் விளைவு பயங்கரமாகிறது என்று காட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தார். ராணுவம் அதைக் கையெறி குண்டாக்கியது. சரி, டாங்கிமேல் எப்படி எறிவது? எட்வர்ட் உல் என்ற இளம் அதிகாரி, பழைய இரும்புக் குவியலில் கிடந்த ஒரு குழாயை எடுத்துத் தோளில் வைத்து, அதன் வழியாக ராக்கெட்டில் அனுப்பினார். குறி பார்க்க? கோட் மாட்டும் ஹேங்கர் கம்பி. 1942-ல் டாங்கி உடைந்தது.

அதற்குப் பெயர் வேண்டுமே. பாப் பர்ன்ஸ் என்ற ரேடியோ காமெடியன் தானே செய்த ஒரு கோமாளித்தனமான ஊதுகுழலை வாசிப்பார். 'பஸூக்கா' என்பார் அதை. இதுவும் அதே மாதிரி இருக்கிறதே என்று பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஜெர்மன் டாங்கிப் படையைக் கதிகலங்க வைத்த ஆயுதம், நம் ஊரில் என்றால் 'நாகேஷ் நாதஸ்வரம்' என்ற பெயரில் போருக்குப் போயிருக்கும்.

போர் முடிந்ததும் மோஹாப்ட் டெக்சாஸில் வெலெக்ஸ் என்ற கம்பெனியோடு சேர்ந்து பஸூக்கா வித்தையைக் கிணற்றுக்குள் இறக்கினார். செம்புக் கூம்பு, பின்னால் வெடிமருந்து: இதற்கு 'சார்ஜ்' என்று பெயர். வெடித்தால் செம்பு ஊசி மாதிரி நீண்டு, விநாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. இரும்பு, சிமெண்ட், பாறை எல்லாம் வெண்ணெய். குண்டு இல்லை, ஆகவே ஓட்டைக்குள் உட்கார ஆளும் இல்லை என்று நினைத்தார்கள். கூம்பின் மிச்சம் ஒரு கட்டியாகப் பின்னாலேயே வந்து துளைக்குள் சொருகிக்கொண்டது. அதற்குக் 'கேரட்' என்று செல்லப்பெயர் வைத்து, அதை ஒழிக்கத் தனியாகப் பாடுபட்டார்கள்.

இங்கேதான் ஆண்பிள்ளைகளுக்கே உரிய வியாதி ஆரம்பிக்கிறது. யாருடைய ஊசி அதிக ஆழம் போகிறது? கிணறு தோண்டும்போது உள்ளே விடும் சேறு பாறைக்குள் ஊறிச் சில அங்குலம் கெட்டுப்போகும். அதைத் தாண்டித் துளைத்தால்தான் நல்லது. வாஸ்தவம். மோரிஸ் மஸ்கட் என்ற இயற்பியலாளர் துளைகளுக்கும் உற்பத்திக்கும் உள்ள உறவைக் கணக்குப் போட்டு 1943-ல் வெளியிட்டார். பக்கம் பக்கமாகச் சமன்பாடு. விற்பனையாளர்கள் அதிலிருந்து ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள்: ஆழம்.

ஒவ்வொரு கம்பெனியும் தன் ஊசி தன் சொந்தத் தராசில் முதலிடம் என்றது. 1962-ல் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பரீட்சை வைத்தது. கான்கிரீட் கட்டியைத் துளைத்துக் காட்டு. பொதுத்தேர்வு என்று ஒன்று வந்தால் என்ன ஆகும்? கோச்சிங் ஆரம்பிக்கும்! கான்கிரீட்டில் மார்க் வாங்குவதற்கென்றே சார்ஜுகள் டிசைன் ஆயின. பூமிக்கடியில், கடும் அழுத்தத்தில் இருக்கிற நிஜப் பாறையின் சிலபஸே வேறு. கான்கிரீட்டில் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்தவர் அங்கே போய்த் திருதிரு என்று முழித்தார்.

அதைவிடப் பெரிய கூத்து, பாறையே இல்லாத இடங்களில். மெக்சிகோ வளைகுடா, கலிஃபோர்னியா, நைஜர் டெல்டா பக்கமெல்லாம் எண்ணெய் இருப்பது பொலபொல மணலில். ஓட்டை போட்டால் எண்ணெயோடு மணலும் புறப்பட்டு வந்து வால்வைத் தின்னும், பம்ப்பைத் தின்னும், கிணற்றையே ரொப்பும். சென்னைக் கடற்கரைப் பக்கம் ஃபில்டர் பாயிண்ட் போட்டவர்களுக்கு இந்தத் துக்கம் தெரியும். வைத்தியமும் சொந்தக்கார வைத்தியம்தான்: உள்ளே சல்லடைக் குழாய் இறக்கி, அதற்கும் வெளிக் குழாய்க்கும் நடுவில், அந்த மணலைவிடக் கொஞ்சம் பெரிய மணலை அடைப்பது. 'கிராவல் பேக்'. அடைப்பு மணலின் பருமன் வயல் மணலைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கட்டும் என்று 1974-ல் சாஸியர் என்பவர் விதி சொன்னார். ஆக, மணலை நிறுத்த மணல்.

இந்தக் கிணறுகளுக்கும் நம் ஆட்கள் ஆழ ஊசியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுட்டார்கள். கான்கிரீட்டில் என்றால் நீளமாக, கம்பீரமாக ஒரு குகை. பொலபொல மணலில்? செம்பு ஊசி போன மறுகணமே குகை சரிந்து மூடிக்கொண்டது. மிஞ்சியது இரும்புக் குழாயிலும் சிமெண்டிலும் இருந்த பொத்தல் மட்டும். சேல்ஸ் புரோஷரில் இருந்த ஆழம் புரோஷரிலேயே பத்திரமாக இருந்தது.

இப்போது எண்ணெய் எல்லாம் அந்தப் பொத்தல் வழியாகத்தான் வர வேண்டும். அதுவும் காலிப் பொத்தல் இல்லை, மணல் திணித்த பொத்தல். இதற்கான கணக்கை யார் போட்டது தெரியுமா? எண்ணெய்க் கிணற்றையே பார்த்திராத ஒரு பிரெஞ்சுக்காரர்.

ஹென்றி டார்சி. டிஜோன் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தவர். அதற்குச் சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். ஊர் ரொம்பக் கட்டாயப்படுத்தவே ஒரு தங்க மெடலும், ஆயுளுக்கும் இலவசத் தண்ணீரும் வாங்கிக்கொண்டார். நகராட்சி கான்டிராக்டில் இப்படி ஒரு ஆள். மியூசியத்தில் வைக்க வேண்டும். தண்ணீரை வடிகட்ட எவ்வளவு மணல் வேண்டும் என்று பார்க்க, ஊர் ஆஸ்பத்திரி வளாகத்தில் மூன்றரை மீட்டர் உயர இரும்புத் தூணில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு அளந்தார். 1856-ல் நகரக் குடிநீர்பற்றிய கனத்த புத்தகத்தின் பின்னிணைப்பில் முடிவைப் போட்டார். உலகத்து எண்ணெய்க் கம்பெனிகள் எல்லாம் இன்றுவரை பிழைப்பு நடத்துவது அந்தப் பின்னிணைப்பில்தான். புத்தகத்தின் மற்ற பக்கங்களை யார் படித்தார்கள்?

கிராவல் பேக் கிணற்றின் ஒவ்வொரு பொத்தலும் படுக்கப்போட்ட ஒரு குட்டி டார்சி தூண். அவர் விதிப்படி, துளையின் பரப்பு பத்து மடங்கு குறைந்தால் அதே எண்ணெயைத் தள்ள பத்து மடங்கு அழுத்தம் செலவாகும். போதாக்குறைக்கு ஃபோர்ஷ்ஹைமர் என்ற ஆஸ்திரியாக்காரர் 1901-ல் வந்து, வேகம் கூடினால் அதன் வர்க்கத்துக்கும் தனியாக வட்டி உண்டு என்றார். அந்த வட்டி பத்து மடங்கு இல்லை, நூறு மடங்கு. கந்துவட்டிக்காரர்கூடக் கூசுவார்.

நீங்களே போட்டுப் பாருங்கள். அடிக்கு 4 துளை, ஒவ்வொன்றும் 0.4 அங்குல விட்டம்: மொத்தப் பரப்பு அரைச் சதுர அங்குலம். அடிக்கு 12 துளை, ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம்: ஐந்தே கால் சதுர அங்குலத்துக்கு மேல். பத்து மடங்குக்கும் அதிகம். ஆழம் என்ற வார்த்தை இந்தக் கணக்கில் எங்கேயாவது வந்ததா? வரவே இல்லை.

துளைக்குள் எந்த மணல் இருக்கிறது என்பது அடுத்த வம்பு. பேக்குக்குப் போடும் சுத்தமான மணல் 100 டார்சிக்கு மேல் எண்ணெயை விடும். ஆம், அலகுக்கே அவர் பெயர். இலவசத் தண்ணீருக்கு மேல் கிடைத்த போனஸ். வயல் மணல் ஒரு டார்சி விட்டாலே பெரிய விஷயம். ஆகவே சுட்டவுடன் சரிந்த மணலையும் வெடித்த குப்பையையும் கழுவித் துப்பவைத்து, அந்த இடத்தில் நல்ல மணலை அழுத்தித் திணிக்க வேண்டும். கழுவாமல் விட்டால், பன்னிரண்டு பொத்தல் போட்டும் முக்கால்வாசி கதவு சாத்தியபடி இருக்கும்.

கடைசியில் இதற்கென்றே 'பிக் ஹோல்' சார்ஜ் வந்தது. கூம்பை அகலமாக்கி, வாயைப் பெரிதாக்கினார்கள். ஆழ ஊசிகள் கான்கிரீட்டில் நாற்பது அங்குலத்தைத் தாண்டும்போது இது ஆறேழு அங்குலத்தோடு நின்றுவிடும். சேல்ஸ்மேனுக்குத்தான் தர்மசங்கடம். நீளமான குகையை நெடுக அறுத்துக் காட்டும் அந்தப் பிரமாதமான போட்டோவை இதற்கு எடுக்க முடியாதே!

கிணறு சரியாக ஓடாவிட்டால் எஞ்சினியர்கள் அதன் கோளாறை 'ஸ்கின்' என்ற ஒற்றை எண்ணாகச் சொல்வார்கள். அற்புதமான ஏற்பாடு. துளை சிறியதா, குப்பை அடைத்ததா, சேறு ஊறியதா, எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் ஐக்கியம். தோண்டியவர் சுட்டவரைக் காட்டுவார், சுட்டவர் மணல் அடைத்தவரைக் காட்டுவார், மணல் அடைத்தவர் ஜியாலஜிஸ்டைக் காட்டுவார். ஜியாலஜிஸ்ட் தரையைக் காட்டுவார்.

உள்ளே போய்ப் பார்த்துவிடலாமே என்கிறீர்களா? மணலை அடைத்த பிறகு துளையை மாற்ற வேண்டுமென்றால் சல்லடையோடு எல்லாவற்றையும் மேலே பிடுங்க வேண்டும். நடுக்கடலில் அதற்காகும் வாடகையைக் கேட்டால் யாருக்கும் பார்க்கிற ஆசை போய்விடும். அதனால் ஸ்கின் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலை மூடிவிட்டு அடுத்த கிணற்றுக்கு எஸ்டிமேட் அனுப்புவார்கள். பர்சேஸ் டிபார்ட்மெண்டிலிருந்து உடனே போன் வரும்:

"அடிக்கு பன்னெண்டு எதுக்கு சார், நாலு போதாதா?"